இருபத்தோராவது ஓட்டு

எனக்கு இருபது வயதில் ஒரு நோய் இருந்தது. நான் ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்றால் யாராவது நெற்றியில் கை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இந்த நோயில் அந்த வசதி கிடையாது. நமக்குச் சுடாது, கூட இருப்பவர்களுக்குத்தான் சுடும்.

இப்போது மதுரையில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருக்கிறேன். பிறர் எழுதி அனுப்பும் செய்தியில் பாதியை வெட்டி எறிவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் பழக்கத்தில், என் நோய் முற்றி வெடித்த நாளைப் பற்றியும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன். (சந்தேகம் இருந்தால் என் தோழி கோமதியைக் கேளுங்கள். அவள் கூட்டியே சொல்லுவாள்.)

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபது நிமிட நடையில் இருந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படித்தேன். வகுப்பில் நாற்பத்தியொரு பேர். ஜன்னலுக்கு வெளியே விசைத்தறிக் கூடங்கள். கரண்ட் இருக்கும்வரை தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பரமசிவம் சார் பாடம் நடத்துவார். கரண்ட் போனால் தறிகள் நின்றுவிடும், ஆனால் சாரின் குரல் அதே உயரத்தில் சில நொடிகள் தனியாக ஓடும். அந்த நேரம் பார்த்து யாரையாவது அவர் திட்டிக்கொண்டிருந்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

அந்த ஆண்டு கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. தலைப்பு: அறம் சார்ந்த தலைமை. வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்து, "உங்கள் வாழ்க்கையில் நீங்கள் உயர்வாக மதிக்கும் ஒன்றை எழுதுங்கள். ஒரு தலைவர் எடுக்கும் எல்லா முடிவும் அதிலிருந்துதான் பிறக்கும்" என்றார். நான் 'தன்னலமின்மை' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பக்கத்தில் இருந்த கோமதியின் அட்டையை எட்டிப் பார்த்தேன். 'பஸ்' என்று எழுதியிருந்தாள்.

"ஏட்டி, இது கொள்கையா?" என்றேன்.

"உயர்வா மதிக்கிறதத்தான கேட்டாரு? எனக்கு இப்போ அதான் உயர்வு."

கோமதி திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவள் அப்பா ஆடு வளர்ப்பவர். கரிசல் காட்டில் கிடை போட்டு ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மா விடியும் முன்பே களை எடுக்கப் போய்விடுவார். இரண்டு தங்கைகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இவள் பஸ் ஏற வேண்டும். அந்த பஸ் வழிநெடுக நின்று, சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போகும் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு வரும். முகூர்த்த நாள் நெருங்கினால் கூடைகளும் பெருகும், தாமதமும் பெருகும். அவள் வகுப்புக்குள் நுழையும்போது முதல் பாடவேளை பாதி முடிந்திருக்கும். எங்கள் கல்லூரியில் வருகைப்பதிவு மணி அடித்ததும் எடுக்கப்படும். முதல் வேளை இல்லை என்றால் அரை நாள் போச்சு.

கருத்தரங்கு நடந்த வாரத்தில் கோமதிக்கு மிச்சம் இருந்தது ஒன்பது அரை நாள்கள். அதற்கு மேல் போனால் கடைசித் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் பி.எட். கிடையாது. பி.எட். இல்லாவிட்டால் அவள் வீட்டில் அடுத்தபடி என்ன நடக்கும் என்பதற்கு மாப்பிள்ளையின் போட்டோவே தயாராக இருந்தது.

இதைச் சரி செய்ய ஒரு வழி இருந்தது. வகுப்புப் பிரதிநிதிகளை மட்டும் முதல்வர் அழைத்துப் பேசுவார். எங்கள் வகுப்புக்குப் பிரதிநிதி கிடையாது. கருத்தரங்கின் சூட்டோடு, எல்லா வகுப்பிலும் தேர்தல் நடத்திப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

"ஜெபா, நீ நில்லுட்டி. உள்ள போயி பஸ் விஷயத்தப் பேசு. ஒனக்குத்தான் இங்கிலீசும் வரும், கோவமும் வரும்" என்றாள் கோமதி.

நின்றேன். எதிர்த்து நின்றவன் சங்கரநாராயணன் என்ற சங்கர். நின்றான் என்பதைவிட அவன் நண்பர்கள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதே சரி. கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. மணி அடிக்கும் சத்தம் கேட்ட பிறகு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் நேரத்துக்கு வந்துவிடுவான். பஸ்சுக்கும் அவனுக்கும் இருந்த ஒரே உறவு, ரோட்டைக் கடக்கும்போது ஒதுங்கி நிற்பது.

தேர்தல் அன்று மூன்றாம் பாடவேளையில் இருவருக்கும் இரண்டிரண்டு நிமிடம் பேச்சு. சங்கர் முதலில் எழுந்தான்.

"மக்கா, ஜெயிச்சா குரூப் போட்டோ எடுப்போம். தோத்தாலும் எடுப்போம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். கைதட்டல் ஜன்னல் வழியாக விசைத்தறிக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது.

நான் நியாயமான பேச்சு ஒன்றைத் தயாரித்திருந்தேன். எதிராளியைக் குறைத்துப் பேசுவது அறமல்ல. ஆகவே முதலில் அவனது நல்ல குணங்களைச் சொன்னேன். எல்லோரிடமும் பழகுவான், கோபப்படமாட்டான், இரத்ததானம் செய்திருக்கிறான். பிறகு, வாக்காளர்களிடம் எதையும் மறைக்கக் கூடாதல்லவா, என் குறைகளைச் சொன்னேன். முன்கோபம், பிடிவாதம், நோட்டை இரவல் தந்துவிட்டு மறுநாளே திருப்பிக் கேட்பது. "இனி, பஸ் விஷயம்" என்று நான் வாயெடுத்தபோது பரமசிவம் சார் மேசையைத் தட்டினார். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

கோமதி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். தலைவலி என்று நினைத்தேன்.

சாக்பீஸ் பெட்டியில் கத்தியால் கீறி ஒரு வாக்குப்பெட்டி செய்திருந்தார்கள். துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட வேண்டும். சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்குள் ஒரு பெரிய அறப் போராட்டம் நடந்தது. (அரை நிமிடம் நடந்தது.) எங்கள் வீட்டில் அம்மா ஒரு விதி வைத்திருந்தார். குழம்பிலிருந்து மீனை எடுத்து வைப்பவர் தன் தட்டில் முதலில் வைத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்களுக்கு வைத்துவிட்டுக் கடைசியில்தான் தனக்கு. நடுத்துண்டை நைசாகத் தன் பக்கம் ஒதுக்கிய குற்றத்துக்காக என் அண்ணன் ஒருமுறை வெறும் குழம்போடு எழுந்து போயிருக்கிறான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள், தன் பெயரைத் தானே எழுதுவதா? தன்னலமின்மை என்று இரண்டு அடிக்கோடு போட்டவள்?

நீல மையில், அழகான எழுத்தில், முழுப் பெயராக எழுதினேன்: சங்கரநாராயணன். நான்காக மடித்துப் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் இருந்ததை நானே உணர்ந்தேன்.

சார் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வாசிக்க, கரும்பலகையில் கோடுகள் விழுந்தன. பத்துக்குப் பத்து. பதினைந்துக்குப் பதினான்கு. பதினெட்டுக்குப் பதினெட்டு. கடைசியில் இருபதுக்கு இருபது வந்து நின்றது. பெட்டியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். அது நான்காக மடிக்கப்பட்டிருந்தது.

சார் பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று ஆண்டுகளாக என் விடைத்தாளைத் திருத்துபவர், என் கையெழுத்து அவருக்குத் தெரியும். அந்தப் பார்வையை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"சங்கரநாராயணன்" என்றார், யாருக்கோ நடந்த விபத்தைச் சொல்வது போல.

பையன்கள் பெஞ்சைத் தட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன். இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. யார் போட்ட சீட்டு என்று சாரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நல்லவளாக இருப்பது நாலு பேருக்குத் தெரியாமல் போனால் அந்த நோய் அடங்காது. எழுந்து நின்றேன்.

"சார், ஒரு நிமிஷம். சங்கருக்கு வாழ்த்துகள். தலைமைக்குப் போட்டியிடுபவர் தன்னை முன்னிறுத்தக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே என்னுடைய ஓட்டையும் நான் சங்கருக்கே அளித்தேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வேறு துறை மாணவர்களாக இருந்திருந்தால் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டியிருக்கக்கூடும். இவர்கள் கணிதம். முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடை கடைசி பெஞ்சிலிருந்து வந்தது.

"ஏலே, அப்போ இவ இவளுக்கே போட்டிருந்தா இருபத்தொன்னுக்கு இருபதுலே."

"ஆமாலே. ஜெயிச்சிருப்பா."

எனக்கு அந்த நொடியில்தான் கணக்கு புரிந்தது. கணிதத்தில் வகுப்பு முதல் மாணவி நான்.

அதோடு முடிந்திருக்கலாம். வெற்றி பெற்ற சங்கர் தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாக எழுந்தான்.

"ஏ ஜெபா, என்ன வேலை பாத்து வச்சிருக்க? நான் ஒனக்குல்லா போட்டேன்!"

"எனக்கா? ஏன்?"

"நீதான ஒழுங்கா பேசுவ? எனக்கு முதல்வர் ரூமுக்குப் போகவே பயம். இவனுவ நிக்கச் சொன்னானுவன்னு நின்னேன். இப்போ என்னைய இப்பிடி மாட்டி விட்டுட்டியே!"

பரமசிவம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணு வருசமா உங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கேன்" என்று தொடங்கினார். சரியாக அப்போது கரண்ட் போய் தறிகள் நின்றன. "ரெண்டு பேரும் மாறி மாறி வழி விட்டுட்டு வாசல்லயே நிக்குதியளே, ஒருத்தருக்காவது கூறு இருக்கா?" என்ற மீதி வாக்கியம் அடுத்த தெருவுக்கும் கேட்டது. சங்கர் அப்போதே ராஜினாமா செய்வதாகச் சொன்னான். "தேர்தல் முடிஞ்சு போச்சு. நீதான் பிரதிநிதி. போயி உக்காரு" என்றார்.

கோமதியை சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"இருபது பேரு ஒன்ன நம்பிப் போட்டோம். அதுல அந்தச் சங்கரும் ஒருத்தன். நம்பாதவ நீ ஒருத்திதான்."

"அப்படியில்ல கோமதி. எனக்கே நான் போட்டா அது சுயநலமாயிராதா?"

"அது ஒனக்குப் போடுத ஓட்டாட்டி? எனக்குப் போடுத ஓட்டு. நீ நல்ல பிள்ளைன்னு பேரு வாங்குததுக்கு என் பரீட்சைய எடுத்துக் குடுத்திருக்க. குடுக்கணும்னா ஒன் சாமானக் குடு. என்னதை எதுக்குக் குடுக்க?"

கருத்தரங்கில் கொடுத்த குறிப்பேட்டில் பதினாறு பக்கம் இருந்தது. அதில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். குறைந்தபட்சம் அவராவது மெச்சுவார் என்ற நப்பாசை. மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"நான் மீன் துண்டுக்குச் சொன்னத நீ ஓட்டுக்கு வச்சிக்கிட்டியா?"

"நீங்கதானம்மா, முதல்ல மத்தவங்களுக்குன்னு..."

"சாப்பிடுததுக்குச் சொன்னேன். வேலைக்கா சொன்னேன்? வேலைய நான் செய்யுதேன்னு முன்ன வந்து நின்னுட்டு, அப்புறம் அடுத்த ஆளு மேல தள்ளி விட்டா அதுக்குப் பேரு வேற. நான் நம்ம சபைப் பெண்கள் சங்கத்துக்கு ஏழு வருசமா செயலாளர். ஏழு வருசமும் எனக்கு நான்தான் போட்டேன். பின்ன யாரு போடுவா, உங்க அப்பாவா?"

விசைத்தறி மோட்டார் ஒன்றைப் பிரித்துவைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. "ரெண்டு வருசம் அவளுக்குத்தான் போடச் சொல்லி ஆளு பிடிச்சேன்" என்று மோட்டாரிடம் சொன்னார்.

நிலைமை அடுத்த வாரம் இன்னும் மோசமானது. பிரதிநிதிகளின் முதல் கூட்டத்துக்குச் சங்கர் போனான். நான் நான்கு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தனுப்பினேன். முதல்வர் மனுவைக் கீழே வைத்துவிட்டு, "எந்த பஸ், எத்தனை பேர், எவ்வளவு லேட்?" என்று கேட்டாராம். "நெறைய பேரு சார், நெறைய லேட் சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. குரூப் போட்டோவுக்கு அனுமதி வாங்கி வந்திருந்தான்.

கோமதிக்கு அப்போது மிச்சம் நான்கு அரை நாள்கள். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். நோட்டு கேட்டால் கொடுப்பாள், மறுநாளே திருப்பிக் கேட்பாள்.

நான் சங்கரைப் பிடித்துக்கொண்டேன். "நீ ஒரு நாள் அந்த பஸ்ல வரணும்" என்றேன். பயந்த மாதிரி பார்த்தான். ஆனாலும் வந்தான். காலையில் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பும் வண்டியில் இரண்டு பேரும் திருவேங்கடம் போய் இறங்கினோம். கோமதி தன் ஊரிலிருந்து வந்து ஏற்கெனவே நிறுத்தத்தில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல் அவள் ஏறினாள். நாங்களும் பின்னால் ஏறினோம்.

அந்த பஸ்சில் மனிதர்கள் பூக்கூடைகளுக்கு இடைஞ்சலாக நின்றுகொண்டிருந்தார்கள். ஊருக்குப் பாதை பிரியும் ஒவ்வொரு விலக்கிலும் வண்டி நிற்க, ஈரச் சாக்கு போர்த்திய மல்லிகைக் கூடைகள் ஏறின. ஒரு காலை மட்டும் ஊன்ற இடம் கிடைத்த சங்கர், மூன்றாவது நிறுத்தத்தில் பொறுமை இழந்தான்.

"அண்ணாச்சி, காலேஜுக்கு நேரமாச்சு. கொஞ்சம் வெரசா எடுக்கச் சொல்லுங்க."

கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பூவு வாடிரும் தம்பி. நீ வாடமாட்ட."

கூடைக்காரப் பெண் ஒருவர், "கூடையில சாயாதய்யா, நசுங்கிரும். அந்தப் பிள்ளயப் பாரு, தெனமும் எப்பிடி நிக்கா" என்று கோமதியைக் காட்டினார். கோமதி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதைச் சங்கர் வெகுநேரம் பார்த்தான்.

இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடினோம். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கல்லூரிக்காரர்கள் மட்டும் அந்த வண்டியில் பதினான்கு பேர், எல்லோருமாக ஓடினோம். வகுப்பில் நுழைந்தபோது பதிவு முடிந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சங்கருக்கு அரை நாள் ஆப்சென்ட் விழுந்தது. அவன் முகத்தில் வந்த கோபத்தை மூன்று ஆண்டில் யாரும் பார்த்ததில்லை. உட்காரவே இல்லை. அப்படியே திரும்பி முதல்வர் அறைக்கு நடந்தான். மற்ற வகுப்புக்காரர்களும் சேர்ந்துகொள்ள, நாங்கள் பதிமூன்று பேரும் பின்னால் போய் வாசலில் நின்றோம். கதவு திறந்தே இருந்தது.

சங்கரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளிலும் தலையிலும் மல்லிகை மொட்டுகள்.

"என்னப்பா, கல்யாண வீட்டுல இருந்து வாரியா?" என்றார் முதல்வர்.

"பஸ்ல இருந்து வாரேன் சார். திருவேங்கடம் பஸ் சார், பன்னெண்டு பேர் சார், இருபத்தஞ்சு நிமிஷம் லேட் சார். நான் இன்னைக்கு ஒரு நாள் வந்தேன், செத்துட்டேன். இவங்க தெனமும் வாராங்க."

நான்கு பக்க மனுவால் ஆகாதது நான்கு நிமிடத்தில் ஆனது. முதல் பாடவேளைக்கு வருகைப்பதிவு இனி வேளை முடியும்போது எடுக்கப்படும் என்று அன்றே சுற்றறிக்கை வந்தது. கோமதிக்கு மிச்சம் இரண்டு அரை நாள்கள் இருந்தன. தேர்வு எழுதினாள்.

சில மாதங்கள் கழித்து, அவள் சிரித்த முகமாக இருந்த ஒரு நேரம் பார்த்து, "நான் தோத்ததுனாலதான சங்கர் போனான், காரியம் நடந்துச்சு?" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். (நோய் முழுதாகக் குணமாகியிருக்கவில்லை.)

"நடந்துச்சு" என்றாள். "அது நடக்குத வரைக்கும் பதினோரு நாளு நான் தூங்கலட்டி. அத எந்தக் கணக்குல வைக்கப்போற?"

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மற்றவர்கள் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறியா மீனா என்று கை தூக்கச் சொன்னால், அண்ணன் முதலில் என் கையைத் தவிர்த்துவிட்டுத்தான் எண்ணுவான். "இவ எதிர்க்கட்சிக்குத் தூக்குத ஆளு" என்பான். என் திருமணப் பேச்சின்போது, மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அம்மா இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னார். சங்கர் இப்போது ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எங்கள் வகுப்பின் குரூப் போட்டோ அங்கே மாட்டியிருக்கிறது. அதில் என் முகத்தை மட்டும் காட்டி, வருகிறவர்களிடம் கதை சொல்கிறானாம்.

கோமதி, கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. சென்ற ஜூலையில் ஊருக்குப் போனபோது அவளைப் பார்க்கப் பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் பெஞ்சிலிருந்து ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் துள்ளி எழுந்தாள். சட்டையில் 'வகுப்புத் தலைவி' என்ற அட்டை குத்தியிருந்தது.

"டீச்சர், இவங்கதானா அந்த அக்கா?"

"எந்த அக்கா?" என்றேன்.

"ஒவ்வொரு வருசமும் லீடர் எலெக்‌ஷனுக்கு முன்னாடி டீச்சர் உங்க கதையச் சொல்லுவாங்கக்கா. ஓட்டை மாத்திப் போட்ட லூசு அக்கான்னு."

"நீ யாருக்குப் போட்டே?"

"எனக்குத்தான்க்கா. ஒரே ஓட்டுல ஜெயிச்சேன்."

கோமதி கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.